வெங்கிணாந்தியும் கூண்டும்

தமிழகத்தார் மலைப்பாம்பு என்பதை இலங்கைத் தமிழர் வெங்கிணாந்தி என்பர், சிங்களத்தில் பிம்புரா. புத்தளக் கரையை அறிந்தவர்களுக்கு 'மலை' என்ற சொல் சற்றே நகைப்பூட்டும். உப்பளமும் களப்பும் கண்டற்காடும் வில்பத்துவின் 'வில்லு'க் குளங்களும்தான் அங்கே அதன் உலகம். மலைக்கு எங்கே போவது?

இப்பாம்பைக் கூண்டில் வைத்துக் காட்டும் வழக்கம் இலங்கையில் ஒரு நூற்றாண்டைத் தொடுகிறது. ஹம்பர்க் நகரின் விலங்கு வணிகர் கார்ல் ஹேகன்பெக்கின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹேகன்பெக் 1920களில் தெஹிவளையில் விலங்குகளைச் சேர்த்தார். அந்த நிறுவனம் நொடித்துப் போகவே, 1936இல் அரசு பொறுப்பேற்று விலங்குக்காட்சிச்சாலையாக நடத்தியது.

உயிரோடு வைத்திருப்பது ஒன்று, குஞ்சு பொரிக்கச் செய்வது வேறு. தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு தன் உடற்சூட்டால் அடைகாக்கிறது என்று 1830களில் லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. குளிர்குருதி உயிருக்கு ஏது சூடு? 1841இல் பாரிஸ் அருங்காட்சியகத் தோட்டத்தில் வலன்சியன் என்பவர் அடைகாக்கும் ஒரு மலைப்பாம்பின் மடிப்புகளுக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த காற்றைவிட அங்கே வெப்பம் கூடுதலாக இருந்தது. தசைகளைத் துடிக்கச் செய்து தாயே சூட்டை உண்டாக்குகிறது என்பதை 1966இல் நியூயோர்க் ஆய்வாளர்கள் அளவீடுகளுடன் நிறுவினர். அவர்கள் அளந்தது பர்மிய மலைப்பாம்பு. அன்று அது வெங்கிணாந்தியின் கிளையினமாகவே கருதப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாத அடைகாப்பில் தாய் பெரும்பாலும் உண்பதில்லை. நோய் என்று பயந்து அதைக் கிளறும் வளர்ப்பாளர் முட்டைகளை இழப்பார்.

கூண்டு நமக்குத் தந்த அறிவு இது. அது எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

கொழும்பு அருங்காட்சியகத்தின் பி. ஈ. பி. தெரணியகல 1945இல் இலங்கைப் பாம்பைத் தனிக் கிளையினமாக்கி 'பிம்புரா' என்றே பெயரிட்டார். பின்வந்தோர் பலர் அதை ஏற்கவில்லை. ஏற்காதது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு தீவின் பாம்பைத் தனித்து நோக்கச் சொன்ன அவர் கண் கூர்மையானது என்பேன். ஏனெனில் மேலைநாட்டுக் கூண்டுகளில் இந்தியப் பாம்பும் பர்மியப் பாம்பும் தாராளமாகக் கலந்தன. இரண்டும் வேறு இனங்கள் என்ற பிரிப்பு 2009இல்தான் வலுப்பெற்றது. 2018இல் வெளியான ஆய்வொன்று, புளோரிடாச் சதுப்புநிலங்களில் பெருகிவிட்ட சுமார் 400 பாம்புகளைச் சோதித்து, 13இல் இந்தியப் பாம்பின் மரபுத் தடயத்தைக் கண்டது. வளர்ப்பு வணிகத்தில் நேர்ந்த கலப்பை இதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பெயர்ப்பலகையில் இருப்பதும் கூண்டுக்குள் இருப்பதும் ஒன்றுதான் என்று இனி யாரும் சத்தியம் செய்ய முடியாது.

கலப்பில்லாத வெங்கிணாந்திக்குப் புத்தளம் போன்ற இடங்களே கதி. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அதைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடுக்கிறது. அனைத்துலக வணிகத்தையும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதற்பட்டியல் கட்டுப்படுத்துகிறது. இருப்பிடம் முழுவதற்கும் அத்தகைய காவல் இருக்கவில்லை. 1980களிலிருந்து களப்போரக் கண்டல்களை வெட்டி இறால் குளங்கள் தோண்டினார்கள். 1990களில் வெண்புள்ளி நோய் தாக்கியபின் பல குளங்கள் கைவிடப்பட்டன. கண்டல் போனது போனதுதான். கோழிக்கூட்டுக்குள் வெங்கிணாந்தி புகுந்துவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தைக் கூப்பிடுகிறோம். அவர்கள் அதைக் கொண்டுபோய் விடுவதற்கு வில்பத்து இன்னும் இருக்கிறது.