தாக்குதல் வேளையில் பேசும் வழி: கண்டி அலுவலகங்களின் மாற்றுத் தொடர்பாடல் பற்றி

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் அமைப்பை ரான்சம்வேர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இல்லாததால் அவை போனது போனதுதான். பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அந்தப் பதிப்புக்கான ஆதரவை நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டிருந்தது. அதன்பின் எழுந்த விவாதம் பெரும்பாலும் காப்புப் பிரதிகளையும் நிதிப் பற்றாக்குறையையும் சுற்றியே நடந்தது. மின்னஞ்சல் முடங்கிய வேளையில் உத்தியோகத்தர்கள் எந்த வழியாகப் பேசிக்கொள்வது, அந்த வழியை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. மாற்று வழியைத் தேடும்போது மறைகுறியாக்கம் எவ்வளவு வலுவானது என்றே முதலில் கேட்கிறோம். பிரதான வழியோடு அது எவற்றைப் பகிர்ந்துகொள்கிறது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டும் என்பது என் வாதம்.

தாக்கப்பட்ட அலுவலகத்தில் மின்னஞ்சல் வேலைசெய்யாமல் போவது ஒரு நிலைமை. வேலைசெய்துகொண்டே எதிரியின் காதுக்கும் போவது அதைவிட மோசமான நிலைமை. லப்சஸ் என்ற கும்பல், தான் ஊடுருவிய நிறுவனங்களின் நெருக்கடிக் கூட்டங்களிலேயே நுழைந்து, தன்னை வெளியேற்ற என்ன திட்டமிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்ததை 2022 மார்ச்சில் மைக்ரோசொப்ட் வெளிப்படுத்தியது. அதே கடவுச்சொல், அதே பயனர் பட்டியல், அதே நிர்வாகி ஆகியவற்றைக் கொண்ட இன்னொரு அரட்டைச் செயலியை வாங்கி வைத்தால் அது மாற்று வழி ஆகிவிடாது.

அயர்லாந்தின் பொதுச் சுகாதார சேவைக்கு நேர்ந்தது நமக்கு நெருக்கமான பாடம். 2021 மார்ச் 18 அன்று ஓர் ஊழியர் நச்சு எக்செல் கோப்பொன்றைத் திறந்தார். தாக்குதல் வெடித்தது மே 14 அன்று. இடைப்பட்ட எட்டு வாரங்கள் எதிரி உள்ளேயே இருந்தான். கணினிகள் அனைத்தையும் நிறுத்தியபோது மின்னஞ்சலோடு வலையமைப்பில் ஓடிய தொலைபேசிகளும் நின்றன. ஊழியர்கள் சொந்தக் கைப்பேசிகளுக்கும் பெக்ஸ் இயந்திரங்களுக்கும் நேரடிச் சந்திப்புகளுக்கும் திரும்பினார்கள். மேசைத் தொலைபேசி வேறு, கணினி வேறு என்று நினைத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே கம்பியில் தொங்கியது அன்றுதான் தெரிந்தது. எட்டு வாரம் உள்ளே இருப்பவன் எதையும் வாசிக்கலாம். ஆகவே அவசரத் திட்டமும் தொடர்பு இலக்கங்களும் சேர்வரில் மட்டும் இருந்தால், அவற்றை எதிரிக்கும் கொடுத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

கண்டியில் பலரும் உடனே சொல்லும் மாற்று வட்ஸ்அப். அதன் மறைகுறியாக்கத்தில் எனக்குக் குறை இல்லை. 2016 முதல் அது சிக்னல் என்ற செய்திச் செயலியின் நெறிமுறையையே பயன்படுத்துகிறது. ஆனால் 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய வன்முறையின்போது அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் நாடளாவ முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3 அன்றும் மறுபடியும் சமூக ஊடக முடக்கம் வந்தது. 2021 ஒக்டோபர் 4 அன்று அதை நடத்தும் நிறுவனத்தின் சொந்தப் பிழையாலேயே வட்ஸ்அப் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடே இருளில் மூழ்கியது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலையகத்தை உலுக்கியபோது மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே அறுந்தன. சைபர் தாக்குதல் இத்தகைய நாளைத் தவிர்த்து வரும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. குழப்பமான நாளே தாக்குபவனுக்கு வசதி.

எனவே ஒரு கருவி போதாது. ஆனால் கருவிகளைக் குவிப்பதும் உதவாது. இரகசியம் தேவைப்படும் பேச்சுக்கு ஒன்று, இரகசியம் இல்லாமல் ஆட்களைத் திரட்ட மட்டும் இன்னொன்று என்று பிரிக்க வேண்டும். இரண்டாவதற்குச் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் போதும். “மூன்று மணிக்கு இன்ன மண்டபம்” என்பதற்கு மேல் அவற்றில் எதுவும் சொல்லக்கூடாது. அவையும் விழுந்தால் வானொலி இருக்கிறது. 2004 சுனாமியின்போது விக்டர் குணதிலக்கவும் அவருடைய அமெச்சூர் வானொலி நண்பர்களும் அம்பாந்தோட்டையோடு தொடர்பை ஏற்படுத்தித் தந்தார்கள். ஆனால் அமெச்சூர் அலைவரிசை திறந்த வெளி, பொருளை மறைத்துப் பேசுவது அதன் மரபுக்கும் விதிக்கும் ஒவ்வாது. கடவுச்சொல்லை அதில் வாசிக்க முடியாது.

இரகசியப் பேச்சுக்குச் சிறிய அலுவலகங்கள் சிக்னலை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பிரான்ஸ் அரசின் சாப், ஜேர்மன் இராணுவத்தின் பிடபிள்யூ மெசஞ்சர் ஆகிய செயலிகள் மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறையில் சொந்தச் சேர்வரில் இயங்குபவை. அவற்றைப் பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும். அதே அரச கிளவுட்டில் அப்படி ஒன்றை நிறுவினால் பயன் இல்லை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு பேராதனையில் இருப்பதால், கண்டி நிறுவனங்கள் சேர்ந்து அங்கே ஒன்றை வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். தனித்தனியே ஒவ்வொரு திணைக்களமும் முயல்வது வீண்.

செயலியை நிறுவுவதோடு வேலை முடிவதில்லை. சிக்னலில் இருவருக்கு இடையே 60 இலக்கங்கள் கொண்ட பாதுகாப்பு எண் ஒன்று உண்டு; ஐந்தைந்தாகப் பன்னிரண்டு தொகுதிகள். இரண்டு கைப்பேசிகளையும் பக்கத்தில் வைத்து அதை ஒப்பிட்டாலோ ஸ்கேன் செய்தாலோதான் மறுமுனையில் இருப்பவர் அவர்தான் என்பது உறுதியாகும். தாக்குதல் நாளில் பலர் புதுக் கைப்பேசிக்கு மாறுவார்கள், பாதுகாப்பு எண்ணும் மாறும். அந்த மாற்றத்தைக் குரலால் உறுதிப்படுத்தும் பழக்கம் முன்பே இருக்க வேண்டும். சிம் அட்டையை ஏமாற்றி மாற்றிக்கொள்பவன் கணக்கைக் கைப்பற்றாதிருக்கப் பதிவுப் பூட்டையும் போட வேண்டும். 2025 மார்ச்சில் அமெரிக்க உயரதிகாரிகளின் சிக்னல் குழுவில் அட்லாண்டிக் இதழின் ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டபோது மறைகுறியாக்கம் உடையவில்லை. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை யாரும் சரிபார்க்கவில்லை.

கண்டி நகரின் மஹய்யாவயில் நின்று பார்த்தால் இன்னொரு குறை கண்ணில் படும். மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம் இது. வீட்டு மொழி தமிழ். மாநகரசபையின் கணினிகள் ஒரு நாள் நின்றால், நகரத்தின் குப்பை அகற்றலைத் தொடர வைக்க வேண்டியவர்கள் இவர்கள். தாக்குதல் பதிலளிப்புத் திட்டங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவோடும் உயரதிகாரிகளோடும் நின்றுவிடுகின்றன. மேற்பார்வையாளருக்கு இன்னொரு இலக்கத்திலிருந்து சிங்களத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தால், அதை நம்புவதா இல்லையா என்று அவர் எதை வைத்து முடிவுசெய்வார்? அடையாள அட்டையின் பின்னால் வைக்கக்கூடிய ஒரு கடதாசி போதும். மூன்று தொலைபேசி இலக்கங்கள், கூட வேண்டிய இடம், எந்த இலக்கத்திலிருந்து வரும் செய்தியைத் திரும்ப அழைத்து உறுதிசெய்ய வேண்டும் என்ற குறிப்பு, இவை சிங்களத்திலும் தமிழிலும். செலவு மிகக் குறைவு. ஆண்டுக்கு ஒரு தடவை, முன்னறிவிப்பின்றி, மின்னஞ்சலைத் தொடாமல் எல்லாரையும் ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டு பார்க்கும் பயிற்சியே அதைச் சோதிக்கும். சங்கிலி எந்த மேற்பார்வையாளரோடு நின்றது என்பதை அந்தப் பயிற்சி காட்டிவிடும்.

ஓர் எதிர்வாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். சிக்னலின் தானாக அழியும் செய்திகளில் அரச முடிவுகள் எடுக்கப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மக்கள் கேட்க எதுவும் மிஞ்சாது. இது நியாயமான அச்சம். 2023இல் மூன்று மாத மின்னஞ்சல்களை இழந்த அரசு இதை இலகுவாகத் தள்ளிவிடவும் முடியாது. குழுவில் ஒருவரைப் பதிவாளராக நியமித்து, எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவையும் நேரத்தோடும் பெயரோடும் ஒரு குறிப்பேட்டில் கையால் எழுதவைத்து, அமைப்பு மீண்டபின் கோப்பில் சேர்க்கலாம். செய்திகள் அழியும் காலத்தை ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்தால், எழுதியதைச் சரிபார்க்க அவருக்கு நேரமும் கிடைக்கும்.