பாலாற்று முகத்துவாரமும் யவன மதுவும்

மத்தியதரைக் கடல் நாடுகளின் திராட்சை மது தமிழகக் கரைக்கு வந்து ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆகின்றன. காட்டாங்குளத்தூரிலிருந்து செங்கல்பட்டைக் கடந்து பாலாற்றோடு போனால், அது கடலில் கலக்குமிடத்தில், கல்பாக்கத்தை ஒட்டி வசவசமுத்திரம் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970 வாக்கில் இங்கே தோண்டியபோது உறைகிணறுகளும், ஆம்போரா எனப்படும் மதுச்சாடிகளை ஒத்த ஓடுகளும் கிடைத்தன. சான்றுகள் மிகுதியாக உள்ள இடம் இதற்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. மார்ட்டிமர் வீலர் 1945இலும், பிரெஞ்சு ஆய்வாளர் கசால் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் அங்கே அகழ்ந்தனர்.

மது ஆவியாகிப் போனாலும் சாடி அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும். இத்தாலியின் கம்பானியா பகுதிச் சாடிகளின் மண்ணில் வெசூவியஸ் எரிமலையின் கருமணல் கலந்திருக்கும். கிரேக்கத் தீவான கோஸின் சாடிக்குக் கைப்பிடி இரண்டு களிமண் உருளைகளை ஒட்டவைத்தது போல இருக்கும். அரிக்கமேட்டுச் சாடி ஓடுகளில் கோஸ் வகையே மிகுதி என்று ஆம்போரா ஆய்வாளர் எலிசபெத் லைடிங் வில் கண்டறிந்தார். சுவையை அறிய விரும்புவோருக்கு இது முக்கியமான செய்தி. ஏனெனில் கோஸ் மதுவில் கடல்நீர் சேர்க்கப்பட்டது. அளவைக் கூட்டிக்காட்ட ஓர் அடிமை செய்த ஏமாற்றில் இவ்வழக்கம் தொடங்கியதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ரோமானியரான கேட்டோ அதே வகை மதுவை வீட்டிலேயே தயாரிக்க முறை வகுத்தபோது, அலையில்லாத நாளில், கரைக்கு வெகுதொலைவில், அறுவடைக்கு 70 நாள் முன்பே கடல்நீர் எடுத்து வைக்கச் சொன்னார். உப்பு மதுவைக் கெடாமல் காத்தது. நீண்ட பயணத்துக்கு அது தேவைப்பட்டது. சாடியின் உட்புறம் மரப்பிசின் பூசப்பட்டதால் அந்த வாசனையும் மதுவில் இறங்கியது. எனவே இங்கு வந்து சேர்ந்தது உவர்ப்பும் பிசின் மணமும் கலந்த மதுவாகவே இருந்திருக்க வேண்டும். இன்றைய பிரெஞ்சுச் சிவப்பு ஒயினின் சுவையை வைத்து அதை மதிப்பிட முடியாது.

வந்த வழியும் கடினமானது. பிளினியின் கணக்குப்படி, நைல் நதிக்கரைக் கோப்டோஸிலிருந்து செங்கடல் துறையான பெரெனிகேவுக்குப் பாலைவனத்தில் ஒட்டகப் பாதை 12 நாள். அரேபிய முனையிலிருந்து மேற்குக் கரைத் துறையான முசிறிக்குப் பருவக்காற்றில் ஏறத்தாழ 40 நாள். கிழக்குக் கரைத் துறைகளுக்கு அதற்குமேலும் செல்ல வேண்டும். தரம் பார்த்து வாங்கும் பழக்கம் இந்தியச் சந்தைகளிலும் இருந்தது. குஜராத்தின் பாருகச்சத்தில் இத்தாலிய மதுவுக்கே முதலிடம், லவோதிசிய, அராபிய மதுக்களும் விற்கும் என்று பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வணிகக் கையேட்டின் ஆசிரியர் குறிக்கிறார்.

தமிழ்ப் பக்கத்துச் சான்று புறநானூற்றின் 56ஆம் பாட்டில் இருக்கிறது. பாண்டியன் நன்மாறன், யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பருகி மகிழ வேண்டும் என நக்கீரர் வாழ்த்துகிறார்; அதன் குளுமையையும் நறுமணத்தையும் தனித்துக் குறிப்பிடுகிறார். குடித்தவர்களின் பக்கத்திலிருந்து வந்த மதிப்பீடு என்பதால், சுருக்கமாயினும் இதற்கு இணையான சான்று வேறில்லை.

ஓடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கூம்பு வடிவச் சாடி எல்லாம் ரோமானிய மதுச்சாடி அல்ல. இந்தியாவில் ஆம்போரா என்று பதிவான பலவற்றைத் தொல்லியலாளர் ரோபெர்டா டோம்பர் மறுபடி ஆராய்ந்தார். அவற்றுள் ஒரு பகுதி மெசபடோமியாவிலிருந்து வந்த, உள்ளே கருங்கீல் பூசிய சாடிகள் என்று நிறுவினார். காஞ்சிபுரத்தில் கிடைத்த கூம்புச் சாடிகள் உள்ளூர்க் குயவர் வனைந்தவை என்ற கருத்தும் வலுவானது. பாலாற்றுக் கரையின் பழைய ஓடுகளையும் மண்ணின் தன்மையை வைத்தே மறுபடி பிரித்தறிய வேண்டியிருக்கிறது.