தோலைத் தொட்ட அறிவு: நாயுடம்மாவும் நாமும்

பள்ளிக்கரணைக்கு மேற்கேயுள்ள குரோம்பேட்டை, குரோமிய உப்பால் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்றது. அத்தொழிலை ஆய்வுத்துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் யெலவர்த்தி நாயுடம்மா (1922–1985). தெனாலி அருகே உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் பயின்றார். 1958இல் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். 1971இல் பத்மஸ்ரீ பெற்றார். 1985இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் உயிரிழந்தார்.

ஆய்வின் பயனைத் தோல் பதனிடுவோரிடமே சேர்க்க முயன்றவர் அவர், குறை அவருடையதன்று. ஆயினும், ஆய்வகத்தில் தோலைத் தொட்டவருக்கு விருது கிடைத்தது. தலைமுறைகளாகத் தொட்ட தலித்துகளுக்குத் தீட்டே கிடைத்தது. ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்திய அக்கைகளின் அறிவும் வேதியியலே. அதனையும் வரலாற்றில் எழுதுமாறு கோருகிறோம்.