குளிர்விக்கும் நீரும் கொல்லும் கிருமியும்

நீர் ஆவியாகும்போது சூட்டைக் கவர்ந்து செல்லும். மண்பானை நீர் தண்ணென்று இருப்பது இதனாலேயே. பெருங் கட்டடங்கள் பலவற்றின் குளிர்சாதனப் பொறிகளும் உள்ளிருந்து எடுத்த சூட்டை இம்முறையில்தான் வெளியேற்றுகின்றன. ஆவியாவது தூய நீர் மட்டுமே. சுண்ணமும் உப்பும் பின்தங்கிச் செறியும். குழாயில் காறை படியும், இரும்பு அரிக்கும், பாசி பிடிக்கும். ஆதலின் செறிந்த நீரை அவ்வப்போது வடித்துப் புதுநீர் சேர்ப்பதும் மருந்திடுவதும் நெடுநாளைய வழக்கம். ஆயினும் அவையெல்லாம் பெரும்பாலும் பொறியைக் காப்பதற்கே செய்யப்பட்டன. அரிப்பைத் தடுக்கக் குரோமேட்டு என்னும் நச்சுப் பொருளையும் கலந்தனர். கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் அதனை இடலாகாது என அமெரிக்க அரசு தடுத்தது 1990ஆம் ஆண்டில்தான்!

அந்நீர் மனிதரையும் தாக்கும் என்பதற்கு முதற் சான்று 1968 ஜூலையில் தோன்றியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரில், சுகாதார அலுவலகக் கட்டடம் ஒன்றிலேயே 144 பேர் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் கொண்டு படுத்தனர். ஆராய வந்தவர்களையும் அந்நோய் விடவில்லை. குளிர்சாதனம் ஓடும்போது உள்ளே சென்றவர்க்கே அது வந்தது. ஆவியாக்கிக் குளிர்விக்கும் கருவியின் நீர்த்திவலைகள், பழுதின் வழியாகக் காற்றுக் குழாயுள் புகுந்தமை புலனாயிற்று. கினிப்பன்றிகளை அக்கட்டடத்தில் வைத்துச் சோதித்தபோது அவையும் நோயுற்றன. ஆனால் கிருமி எதுவெனத் தெரியவில்லை. எவரும் இறவாமையால் உலகம் அதனை மறந்தது. ஆய்வாளர்களோ நோயாளரின் குருதிநீரையும் கினிப்பன்றிகளின் நுரையீரல் திசுவையும் பத்திரமாக எடுத்து வைத்தனர். இவ்வரலாற்றில் மிகவும் பாராட்டத்தக்க செயல் இதுவே என்பது என் கருத்து.

எட்டாண்டுகள் கழிந்தன. 1976 ஜூலையில் பிலடெல்பியா நகரின் பெல்வியூ ஸ்டிராட்போர்டு ஓட்டலில் 'அமெரிக்கன் லீஜியன்' என்னும் முன்னாள் படைவீரர் சங்கம் மாநாடு கூட்டியது. வீடு திரும்பியவர்கள் கொடிய நுரையீரல் அழற்சியால் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். சங்கத்தாருள் மட்டும் 29 பேர் மறைந்தனர். விருந்தினர் வராமையால் அவ்வாண்டு நவம்பரில் ஓட்டலே மூடப்பட்டது. 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்பாரும் சார்லஸ் ஷெப்பர்டு என்பாரும் அதுவரை அறியப்படாத நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். சங்கத்தின் பெயரையொட்டி அது 'லீஜியனெல்லா' எனப்பட்டது. பிறகு பான்டியாக்கில் சேமித்து வைத்தவற்றைச் சோதித்தனர். அங்கும் அதே கிருமி!

இக்கிருமி ஆற்றிலும் ஏரியிலும் இயல்பாக வாழ்வது. வெதுவெதுப்பான நீரிலும், வழவழத்த படிவுகளிலும், அங்குள்ள அமீபாக்களின் உள்ளேயும் பெருகும். மூச்சோடு திவலை உட்சென்றால்தான் கேடு. ஆகவே குளோரின் போன்றவற்றை இடுவதோடு நிற்காமல், படிவைச் சுரண்டிக் கழுவுவதும், திவலை பறவாமல் தடுப்புகள் பொருத்துவதும் வேண்டியவையாயின. சிங்கப்பூரில் குளிர்விப்புக் கோபுரங்களுக்கும் நீரூற்றுகளுக்குமான பொதுச் சுகாதார விதிகள் 2001ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன.