கார் ஸ்பீக்கர் மாற்றுதல்

காரோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த ஒலிபெருக்கி பழுதாகும்போது அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றைப் பொருத்துவது கார் ஸ்பீக்கர் மாற்றுதல் எனப்படும். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய கார்களில் அடிக்கடி வரும் வேலை இது. கடையில் முதலில் கேட்பது அளவு, அடுத்து வாட்ஸ். பழைய காருக்கு இவை இரண்டையும்விட முக்கியமானது ஓம். அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் 1930இல் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1925இல், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாக்கும் வெளியிட்ட அமைப்பே இன்றும் கார்க் கதவுகளுக்குள் இருக்கிறது. காந்தத்தின் குறுகிய இடுக்கில் ஒரு கம்பிச்சுருள் தொங்குகிறது. பாட்டுக்கேற்ப அதில் மின்னோட்டம் ஏறி இறங்க, சுருள் முன்னும் பின்னும் அசைகிறது, அதோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. இந்தச் சுருளைத்தான் கடைகளில் காயில் என்கிறார்கள், கூம்பைக் கோன் என்கிறார்கள்.

எப்படிப் போகிறது

முதல் காரணம் வயது. கோனின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் பல பழைய ஸ்பீக்கர்களில் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. வெயிலில் நிற்கும் காரின் சூடும் காற்றின் ஈரமும் சேர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டில் அதை விரலால் தொட்டாலே உதிரும் தூளாக்கிவிடும். வளையம் போனதும் கோன் நடுநிலை தவறிச் சாயும், காயில் காந்தத்தில் உரசும். பாட்டில் தாழ்ந்த சுருதி வரும் இடங்களில் எழும் கரகரப்பு அந்த உரசல்தான்.

இரண்டாவது காரணம் சூடு. ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே ஒலியாகிறது, மற்றதெல்லாம் காயிலைக் காய்ச்சுகிறது. பாட்டுப் போடும் கார் ஸ்டீரியோவான செட்டின் முகப்பில் 50 வாட்ஸ் என்று அச்சிட்டிருந்தாலும், 14.4 வோல்ட்டில் ஓடும் அதன் சொந்த ஆம்ப்ளிபயர் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தருவது ஏறத்தாழ 20 வாட்ஸ். அதற்கு மேல் வால்யூமைத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, ஸ்பீக்கருக்குச் சேரும் சராசரி மின்சாரம் கூடுகிறது. சின்ன செட் ஸ்பீக்கரை எரிக்காது என்ற நம்பிக்கை தவறு.

போனது ஸ்பீக்கர்தானா

வாங்குவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் திருகி, ஒலி வராத மூலையைத் தனிமைப்படுத்த வேண்டும். பிறகு செட்டின் பின்புறம் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகிப் பார்க்கலாம். பழுது மறுபக்கம் தாவினால் குற்றம் செட்டில் இருக்கிறது. தாவாவிட்டால் ஒயரைச் சந்தேகிக்க வேண்டும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர், ஆயிரக்கணக்கான முறை கதவு திறந்து மூடியதில் உள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவை அசைக்கும்போது ஒலி விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் அதுதான்.

ஸ்பீக்கரைக் கழற்றிய பின் மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்தால், நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.8 வரை காட்டும். எண்ணே வராவிட்டால் காயில் எரிந்திருக்கலாம், அல்லது கோனுக்குப் போகும் மெல்லிய பின்னல் ஒயர் அறுந்திருக்கலாம். பின்னல் அறுந்ததுதான் பிரச்சினை என்றால் ஒரு சொட்டு ஈயத்தில் வேலை முடிந்துவிடும். மீட்டர் இல்லாதவர் 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டுப் பார்க்கலாம். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் டப் என்ற சத்தத்துடன் கோன் வெளிநோக்கித் துள்ளும்.

ஓம் கணக்கு

செட் தருவது வோல்டேஜ், ஸ்பீக்கர் எவ்வளவு இழுக்கும் என்பதை ஓம் முடிவு செய்கிறது. ஒரே 4 வோல்ட்டுக்கு 8 ஓம் ஸ்பீக்கர் 2 வாட்ஸ், 4 ஓம் 4 வாட்ஸ், 2 ஓம் 8 வாட்ஸ் இழுக்கும். பெரும்பாலான கார் ஸ்பீக்கர்கள் 4 ஓம் என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. விதிவிலக்குகளில்தான் சிக்கல். 1983 மாடல் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் டெல்கோவும் போஸும் சேர்ந்து அமைத்த ஒலியமைப்பு வந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளும் அதற்கென்றே ஒரு ஆம்ப்ளிபயர் இருந்தது. பிற்காலத்துப் போஸ் அமைப்புகள் பலவற்றில் ஸ்பீக்கர் 2 ஓம் அல்லது அதற்கும் குறைவு. அங்கே கடையில் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை வைத்தால் எரியாது, ஆனால் அந்தப் பக்கம் மட்டும் சத்தம் அடங்கியிருக்கும். மறுதலையாக, 4 ஓமுக்கான செட்டில் 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் செட்டின் ஐசி சூடேறி அணையும், சில வேளை எரிந்தே போகும். கழற்றிய ஸ்பீக்கரின் காந்தத்தின் முதுகில் ஓம் எண் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது.

செட் மாற்றாமல் ஸ்பீக்கர் மட்டும் வாங்குபவர் வாட்ஸைவிட உணர்திறனைப் பார்க்க வேண்டும். உணர்திறன் 3 டெசிபல் கூடினால், ஆம்ப்ளிபயரின் வாட்ஸை இருமடங்காக்கியதற்குச் சமம்.

கதவுக்குள்

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். ஆனால் 1990களின் ஹோண்டா போன்ற சில கார்களின் செட், மின்சாரம் திரும்பி வந்ததும் ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் பேட்டரியைத் தொடக் கூடாது.

கதவின் உட்பக்கத்தை மூடும் டோர் பேடைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கைப்பிடிக் குழிக்குள்ளும் கை வைக்கும் திண்டின் அடியிலும் ஒளிந்திருக்கும். பழைய காரில் ஆளைத் திணறடிப்பது கண்ணாடி இறக்கும் சுழல்கைப்பிடி. குதிரை லாடம் போன்ற ஒரு சிறு கம்பி அதன் பின்னால் கவ்வியிருக்கும். கைப்பிடிக்கும் பேடுக்கும் இடையில் ஒரு துணிப்பட்டையை நுழைத்து, ஷூ பாலிஷ் போடுவதைப் போல மாறி மாறி இழுத்தால் அந்தக் கம்பி துணியில் சிக்கி வெளியே வரும். தெறித்துப் போகும், கண் அங்கேயே இருக்கட்டும். ஓரத்துப் பிளாஸ்டிக் கிளிப்புகளில் இரண்டு மூன்றாவது உடையும், ஆகவே முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்றவற்றில் ஸ்பீக்கரை ரிவெட் அடித்திருப்பார்கள். ரிவெட்டை டிரில் செய்யும்போது பறக்கும் இரும்புத் துகள் புதிய ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒட்டினால் அதுவும் கரகரக்கும். துகளைத் துடைத்த பிறகே புதியதை அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.

6.5 அங்குலம் என்று எழுதியிருப்பது முகத்தின் அளவு மட்டுமே. காந்தம் எவ்வளவு ஆழம் என்பதைக் கண்ணாடியை முழுவதும் இறக்கி வைத்து அளக்காவிட்டால், ஸ்க்ரூ முறுக்கிய பிறகு கண்ணாடி காந்தத்தில் இடிக்கும். அகலமான முனை பிளஸ், குறுகலானது மைனஸ். ஒரு பக்கம் தலைகீழாக இணைத்தால் இரண்டும் பாடும், ஆனால் அடித்தொனி மட்டும் காணாமல் போகும். பேடுக்குப் பின்னாலுள்ள பாலித்தீன் விரிப்பைத் திரும்ப ஒட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கும் கவனக்குறைவு. கதவுக்குள் வடியும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான்.

ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் ஜோடியாக மாற்றுவதே முறை, இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இரண்டு குரலில் பாடும். ஆனால் காயில் நன்றாக இருந்து நுரை வளையம் மட்டும் உதிர்ந்திருந்தால் மாற்றவே வேண்டாம். மைக்செட் ஸ்பீக்கர்களுக்குக் கோன் மாற்றித் தரும் கடைகளில் புது வளையம் ஒட்டித் தருவார்கள். ஓம் பொருந்தும் ஸ்பீக்கர் கடையில் கிடைக்காத போஸ் போன்ற அமைப்புகளுக்கு அதுவே சரியான வழி.