பிளாஷ்காக்களின் பட்டறை

ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் குழாய் வளைப்பது என் தொழில். அதனால் லியோபோல்ட் பிளாஷ்காவை நான் கலைஞர் என்பதைவிட மூத்த தொழிலாளியாகவே பார்க்கிறேன். பொஹீமியாவில் பிறந்தவர், கண்ணாடி நகையும் செயற்கைக் கண்ணும் செய்து பிழைத்தார். 1850இல் மனைவியைக் காலரா கொண்டுபோனது. பின்னாலேயே தந்தையும் போனார். 1853இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். காற்று விழுந்து கப்பல் நடுக்கடலில் நின்றபோது, இருட்டில் ஒளிர்ந்த ஜெல்லிமீன்களை வரைந்துகொண்டார். அந்தக் கடலுயிர்கள் கண்ணாடியாக உருக்கொள்ளச் சுமார் பத்தாண்டு பிடித்தது.

பிறகு டிரெஸ்டன் பட்டறையில் மகன் ருடால்ஃபும் சேர்ந்தார். காலால் துருத்தியை மிதித்தால் விளக்கின் சுடர் நீளும். அதில் இளகிய கண்ணாடியைச் சாமணத்தால் இழுத்து இதழாக்குவார்கள். சுடரைவிட்டு எடுத்தால் இழுக்கக் கிடைப்பது சில நொடிதான். அந்தக் கைப்பக்குவம் என்னை இன்றும் மலைக்க வைக்கிறது.

பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் கண்ணாடிப் பூக்கள் கேட்டது. கடலுயிர் பாதி, பூ பாதி என்று செய்துபார்த்த லியோபோல்ட், அது ஒத்துவராது என்று கறாராகச் சொல்லிவிட்டார். 1890இல் பூவுக்கு மட்டும் பத்தாண்டு ஒப்பந்தம். 1895இல் அவர் மறைய, ருடால்ஃப் தனியாக 1936 வரை செய்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை; தொழில் பழக எவரையும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை.