ஆம்பூர் டூ சென்னை: இந்த ஊர் நமக்கு எப்படிக் கிடைச்சது?

நம்ம இன்பாக்ஸுக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கத்துப் பசங்கதான் அதிகம் கேட்கிறாங்க. "அண்ணா, சென்னைக்கு வேலைக்கு வர்றேன். நான் கே. அங்க எங்க போகலாம், யாரைப் பார்க்கலாம், எப்படி ஜாலியா இருக்கலாம்?"

நானும் ஆம்பூர்க்காரன்தான், நானும் கேதான், ஓஎம்ஆர்ல கோடு எழுதிப் பிழைக்கிறவன். லிஸ்ட் கேட்டா கொடுத்துடலாம். ஆனா அந்த லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு வருஷமும், அந்த வருஷத்துல ரிஸ்க் எடுத்த சில மனுஷங்களும் இருக்காங்க. அதனால இந்த எபிசோட்ல வரலாறும் கைடும் சேர்ந்தே வரும்.

முதல்ல நம்ம ஊர். டேனரியும் ஷூ கம்பெனியும் நடத்துற ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. நீ யாரோட பைக்ல பின்னாடி உட்கார்ந்து போனேங்கிற தகவல், நீ வீடு சேர்றதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட சேர்ந்திருக்கும். "நீ யாரு பையன்?"னு கேட்கிறதுல பாசமும் இருக்கு, காவலும் இருக்கு. ஆம்பூர்ல இருந்து சுமார் 180 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னையில அந்தக் கேள்வியை யாரும் கேட்கிறதில்ல. அதுதான் அந்த நகரம் தர்ற முதல் சுதந்திரம். ஆனா உன்னை யாருக்கும் தெரியாதுங்கிறது மட்டுமே சந்தோஷம் ஆகிடாது.

இப்போ வரலாறு. 1860-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்துல 377-ஆவது பிரிவு இருந்தது. இரண்டு ஆண்கள் விருப்பத்தோட சேர்ந்தாலும் ஆயுள் தண்டனை வரைக்கும் கொடுக்க அதுல இடம் இருந்தது. தீர்ப்பு வந்து ஜெயிலுக்குப் போனவங்களைவிட, இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டப்பட்டவங்கதான் அதிகம். ஒளிஞ்சு வாழ்றவன் எங்கயும் புகார் கொடுக்க மாட்டான்னு மிரட்டுறவனுக்கு நல்லாவே தெரியும்.

இந்தக் கதைக்குள்ள வேலூர் வர்ற வருஷம் 1986. சென்னையில மைக்ரோபயாலஜி படிச்சுக்கிட்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழில் செய்த பெண்கள்கிட்ட இருந்து ரத்த மாதிரிகள் சேகரிச்சாங்க. அதைப் பரிசோதிக்க வசதி இருந்த இடம் வேலூர் சிஎம்சி. மாதிரிகள் ரயில் ஏறி காட்பாடி வந்து சேர்ந்தன. ஆறு மாதிரிகள்ல எச்ஐவி உறுதியாச்சு. இந்தியாவுல எச்ஐவி இருக்குன்னு முதன்முதலா தெரிஞ்சது அப்போதான்.

இதுக்கும் கே வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்? எச்ஐவி தடுப்புன்னு வந்ததும், ஆண்களோட உறவு வச்சுக்கிற ஆண்கள்கிட்டயும் யாராவது பேசியே ஆகணும்ங்கிற நிலைமை வந்தது. சட்டம் அவங்களைக் குற்றவாளின்னு சொல்லுது, சுகாதாரத்துறைக்கோ அவங்க வந்து பரிசோதனை பண்ணிக்கணும். இந்த முரண்பாட்டுக்கு நடுவுலதான் 1998-ல் சுனில் மேனன் சென்னையில சகோதரன் அமைப்பைத் தொடங்கினார். நோய்த்தடுப்புக்காகத் திறந்த கதவு அது. ஆனா அந்தக் கதவு வழியா வந்தவங்களுக்கு, நம்மள மாதிரி இன்னொருத்தன் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிக்கிறான்ங்கிறதே மருந்து.

2003-ல் மூவன்பிக்னு ஒரு சின்ன நண்பர் வட்டம் சேர்ந்தது. பின்னாடி அதுதான் ஓரினம் ஆச்சு. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் நம்ம விஷயங்களை எழுதுறது, வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு பேசுறது, பெற்றோர்கள்கிட்ட பேசுறதுன்னு வேலை பரவிச்சு.

2009 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. மெரினாவுல சென்னையின் முதல் பிரைட் ஊர்வலம் நடந்தது. அன்னைக்கு நடந்தவங்க, சட்டத்தின் கண்ணுல குற்றவாளிகள். நாலே நாள்ல, ஜூலை 2 அன்னைக்கு, டெல்லி உயர் நீதிமன்றம் நாஸ் ஃபவுண்டேஷன் வழக்குல 377-ஐத் தளர்த்திச்சு. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிச்சு. 2018 செப்டம்பர் 6-ல் அதே உச்ச நீதிமன்றம், வயசு வந்த இருவர் சம்மதத்தோட இருப்பது குற்றமில்லைன்னு முடிச்சு வச்சது. ஒரே ஆள், ஒரே காதல்: ஒன்பது வருஷத்துல குற்றவாளி, நிரபராதி, குற்றவாளி, நிரபராதி.

சரி, கைடு. ஜூன் மாசம் பிரைட்டுக்குப் போங்க. இப்போ பல வருஷமா எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் நடக்குது. போட்டோ வேணாம்னா சொல்லிடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. படம் பிடிக்கும்னா 2013-ல் தொடங்கின ரீல் டிசையர்ஸ் திரைப்பட விழா. புத்தகம் பிடிக்கும்னா, குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் 2018-ல் தொடங்கின இலக்கிய விழா. கூட்டமே வேணாம்னா சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்ல ஒரு நண்பனோட பஜ்ஜி சாப்பிட்டாலும் அது முழு வாழ்க்கைதான்.

வீடு விஷயத்துல ஒரு வேடிக்கை இருக்கு. கல்யாணம் ஆகாத ஆணும் பொண்ணும் சேர்ந்து வீடு கேட்டா ஓனர் ஆயிரம் கேள்வி கேட்பார். ரெண்டு பசங்க கேட்டா, "பேச்சிலரா? தண்ணி, சிகரெட் கூடாது"ன்னு சாவியைக் கொடுத்துடுவார். சிரிங்க, ஆனா அந்த வீட்டுல நீங்க யாருங்கிறதை மறைச்சுத்தான் இருக்கணும்ங்கிறதையும் சேர்த்தே யோசிங்க.

ஆப்ல பழகினவரை முதல் தடவை பார்க்கிறது காபி ஷாப்லயே இருக்கட்டும். எங்க போறீங்கன்னு ஒரு நண்பருக்கு லொகேஷன் அனுப்புங்க. யாராவது "போலீஸ்ல சொல்லிடுவேன், பணம் கொடு"ன்னு மிரட்டினா, 2018-க்கு அப்புறம் குற்றவாளி அவன்தான், நீங்க இல்ல. "மாத்திடலாம்"னு சொல்ற டாக்டர்கிட்ட போகாதீங்க. 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தச் 'சிகிச்சை'க்குத் தடை போட்டார். மதுரையில இருந்து பாதுகாப்புத் தேடி வந்த இரண்டு பெண்களோட வழக்கு அது. இந்த விஷயம் தனக்கே முழுசாப் புரியலைன்னு சொல்லி, தீர்ப்புக்கு முன்னாடி ஒரு உளவியலாளர்கிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்ட நீதிபதி அவர்.

இப்போ திரும்ப நம்ம பக்கம் வர்றேன். இந்த லிஸ்ட்ல இருக்கிற எதுவும், வீட்டுல உங்களைப் பூட்டி வச்சா உதவாது. குடியாத்தம் பக்கத்து 25 வயசுப் பெண் ஒருத்தர் விஷயத்துல அதுதான் நடந்தது. குடும்பம் கட்டாயமாக் கூட்டிட்டுப் போய் அடிச்சது, 'சரி' பண்ண சடங்குகளும் பண்ணிச்சு. குடியாத்தம், புதுச்சேரி ரெட்டியார்பாளையம், பெங்களூரு ஜீவன் பீமா நகர்னு மூணு ஊர் போலீஸும் கண்டுக்கல. அவரோட தோழி சென்னை உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போட்டாங்க. 2025 மே 22-ல் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை விடுவிச்சாங்க. தலையிடக் கூடாதுன்னு குடும்பத்துக்குத் தடை போட்டு, தேவைப்படும்போது பாதுகாப்பு கொடுக்கணும்னு போலீஸுக்கும் உத்தரவு போட்டாங்க.

அந்தத் தீர்ப்பு இன்னொண்ணும் சொல்லுது. தன்பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023-ல் அங்கீகரிக்கல. ஆனாலும் குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்ல, நாமே தேர்ந்தெடுக்கிற குடும்பமும் குடும்பம்தான். வேலூர் மாவட்டத்துல நடந்த ஒரு விஷயம்தான் இந்த வார்த்தைகளை வாங்கிக் கொடுத்திருக்கு.

அந்த மனுவைப் போட்டது யாரு? அந்தப் பெண்ணை விட்டுக்கொடுக்காத ஒரு தோழி. மூவன்பிக்ல உட்கார்ந்து பேசினவங்களும், மெரினாவுல நடந்தவங்களும் அதே மாதிரி ஆட்கள்தான். அதனால என் கைடுல முதல் வரி இதுதான்: சென்னைக்கு வந்து முதல் மாசத்துலயே ஒரு ஆளைச் சம்பாதிங்க. உங்க முழுப்பேரும் ஊர் அட்ரஸும் தெரிஞ்ச ஆள். ஊருக்குப் போன நீங்க மூணு நாள் போன் எடுக்கலைன்னா, காட்பாடிக்கு ரயில் ஏறுற ஆள். யாருக்கும் தெரியாம இருக்க இந்த நகரம் இடம் கொடுக்கும். நம்மளத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாத்தான் அங்க நிம்மதியாத் தூங்க முடியும்.

அப்படி ஒரு ஆள் உங்களுக்கு இருந்தா, இந்த எபிசோடை முதல்ல அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பத்திரமா இருங்க, ஜாலியா இருங்க.